அல்லங்காடியில் நமக்கு எத்தனை அடி இடம்?

மதுரையைத் 'தூங்கா நகரம்' என்று எல்லோரும் பெருமையாகச் சொல்கிறோம். அந்த நகரம் தூங்காமல் இருக்க யார் கண்விழிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் பொழுது சாய்ந்ததும் ஒருமுறை நடந்து பாருங்கள். சாக்கு விரித்துப் பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கும் அக்கா, தள்ளுவண்டியில் கடலை வறுக்கும் அண்ணன், கயிற்றில் பாசிமணி கோத்துத் தொங்கவிட்டிருக்கும் நரிக்குறவர் குடும்பம், வளையல் பெட்டியோடு நிற்கும் பாட்டி, கடைசியில் குப்பையை அள்ள வரும் துப்புரவுத் தொழிலாளி. நகரத்தின் இரவை இவர்கள்தான் சுமக்கிறார்கள். இவர்களில் பலர் நம் சேரிகளிலிருந்தும் காலனிகளிலிருந்தும் வந்தவர்கள்.

கோயில் வீதியின் இந்த இரவுக் கடைவீதிக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆனால் அந்த வரலாற்றைச் சொல்கிறவர்கள் மன்னரையும் மண்டபத்தையும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த வீதியில் யார் நடக்கலாம், யார் உட்காரலாம், யார் கூடையை இறக்கி வைக்கலாம் என்ற கேள்வியிலிருந்து நாம் தொடங்குவோம்.

அல் என்றால் இரவு

'அல்லும் பகலும் உழைத்தோம்' என்று இன்றும் பேசுகிறோம். அந்த 'அல்'தான் இரவு. இரவில் கூடும் கடைவீதிக்குப் பழந்தமிழில் 'அல்லங்காடி' என்று பெயர். பகலில் கூடுவது 'நாளங்காடி'. ரேஷன் கடைப் பலகையில் 'அங்காடி' என்று எழுதியிருக்கிறதே, அதே சொல்தான்.

தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனை முன்னிறுத்தி மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, 782 அடிகள் கொண்டது. பத்துப்பாட்டு நூல்களில் அதுதான் மிக நீளமானது. மதுரையின் பகல் கடைவீதியையும் இரவுக் கடைவீதியையும் தனித்தனியாக விவரிக்கிறது அந்தப் பாட்டு. சங்கை அறுத்து வளையல் செய்கிறவர், மணிக்குத் துளையிடுகிறவர், பொன் வேலை செய்கிறவர், செம்பை நிறுத்து வாங்குகிறவர், துணி விற்கிறவர், பூ விற்கிறவர், ஓவியம் தீட்டுகிறவர் என்று தொழில் செய்வோரின் வரிசை ஒன்று அதில் வருகிறது. இரவுக் கடைவீதியின் இரைச்சலைப் பலவகைப் பறவைகள் ஒன்றாகக் கத்தும் ஒலிக்கு ஒப்பிடுகிறார் புலவர். யாமம் யாமமாக இரவு எப்படி நகர்கிறது, எந்த நேரத்தில் கடை மூடுகிறது, எந்த நேரத்தில் காவலர் சுற்றுகிறார் என்றெல்லாம் பாட்டு சொல்கிறது.

தமிழ் இலக்கியம் படிக்கும் மாணவர்கள் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். நமக்கு இதில் கிடைக்கும் செய்தி எளிமையானது. தெருவில் உட்கார்ந்து இரவில் விற்பது நேற்று முளைத்த 'ஆக்கிரமிப்பு' அல்ல. இந்த நகரத்தைப் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகளிலேயே அது இருக்கிறது.

பலகை கேட்ட சாமி

அதே மதுரைக்காஞ்சியில் வையைக் கரையோரம் பாணர்களின் குடியிருப்பும் வருகிறது. யாழ் வாசித்துப் பாடிய அந்தப் பாணர்கள், பிற்காலத்தில் கோயிலுக்குள் விடப்படாத மக்களாகத் தள்ளப்பட்டார்கள். இதற்குச் சாட்சி தேடி வெளியே போக வேண்டியதில்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணமே சாட்சி.

திருநீலகண்ட யாழ்ப்பாணர் மதுரை ஆலவாய்க் கோயிலுக்கு வருகிறார். உள்ளே போகவில்லை. வாசலில் நின்று யாழை மீட்டிப் பாடுகிறார். அவரை உள்ளே அழைத்து வரும்படி இறைவன் தொண்டர்களின் கனவில் கட்டளையிடுகிறார் என்கிறது புராணம். அழைத்து வருகிறார்கள். அவர் தரையில் உட்கார்ந்து பாடுகிறார். தரையின் ஈரம் பட்டால் யாழின் நரம்பு தளர்ந்துவிடும், அவருக்குப் பொற்பலகை போடுங்கள் என்று ஒரு குரல் கேட்கிறது.

பக்தியாளர்கள் இந்தக் கதையை ஒருவிதமாகப் படிப்பார்கள். நாம் வேறுவிதமாகவும் படிக்கலாம். ஒரு பெருங்கலைஞன் வாசலில் நிற்க வேண்டியிருந்தது என்பதைக் கதையே ஒப்புக்கொள்கிறது. அவரை உள்ளே விட்டதோடு சாமி திருப்தி அடையவில்லை என்பதையும் கதை சொல்கிறது. உட்காரப் பலகை வேண்டும் என்கிறது அந்தக் குரல். உள்ளே விடுவது வேறு, இடம் கொடுப்பது வேறு. மதுரையின் கோயில் வீதி வரலாறு முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறது.

பொருளுக்குத் திறந்த வாசல்

இன்று நாம் பார்க்கும் வீதி அமைப்பு நாயக்கர் காலத்தில் வடிவம் பெற்றது. கோயிலுக்குள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அதற்கடுத்து மாசி வீதி. மாதங்களின் பெயர், விழாக்களின் பெயர். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபம் வசந்த விழாவுக்கானது. பின்னாளில் அதன் தூண்களுக்கு இடையே தையல்காரர்களும் புத்தகக் கடைகளும் வளையல் கடைகளும் குடியேறின. சாமிக்கும் சாமியாடிக்கும் தேவையான உடுப்புகளை அங்கே முஸ்லிம் தையல்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தைத்துக் கொடுத்தார்கள்.

வெளி வீதிகள் ஆங்கிலேயர் காலத்தில் வந்தவை. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து, அகழியைத் தூர்த்து நகரத்தை விரித்தார். அவர் நினைவாக எழுப்பியதுதான் இன்று துணிக்கடைகளுக்கு நடுவே நிற்கும் விளக்குத்தூண். அந்த வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரி பெயரிலும் மாரெட் பெயரிலும் தெருக்கள் உண்டு. மண் சுமந்தவர்களுக்கு ஒரு சந்து கூட இல்லை.

இந்த வீதிகளுக்கு வந்த பொருள்களைக் கவனியுங்கள். விடியும் முன்பே பறித்த மல்லிகை மொட்டு. சோழவந்தான் கொடிக்காலில் கிள்ளிய வெற்றிலை. வயலில் அறுத்த நெல். வாழை இலை, தேங்காய், கரும்பு. தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் பதப்படுத்திய தோல். பறித்ததும் கிள்ளியதும் அறுத்ததும் சுமந்ததும் பெரும்பாலும் யாருடைய கைகள் என்று கிராமத்து வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

மல்லிகை கருவறை வரை போனது. பறித்தவருக்குக் கோபுர வாசலோடு வழி முடிந்தது. தோல் தவிலாகி உள்ளே முழங்கியது. தோலைப் பதப்படுத்தியவர் வெளியே நின்று கேட்டார். சித்திரைத் திருவிழாவில் அழகர் மீது தண்ணீர் பீய்ச்ச ஆட்டுத்தோல் பையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். தோல்பையின் தண்ணீர் சாமி மேல் படலாம், அதில் தீட்டு இல்லை. தீட்டு மனிதருக்கு மட்டும்தான் வைக்கப்பட்டிருந்தது.

உள்ளே போக முடியாத மக்கள் வெளியே வரும் சாமியைத் தங்கள் சாமியாக ஆக்கிக்கொண்டார்கள். அழகர் மலையிலிருந்து இறங்கி, மண்டபம் மண்டபமாகத் தங்கி, வைகை ஆற்றுக்கு வரும்போது கிராமங்கள் வண்டி கட்டி வந்து நின்றதற்கு இதுவும் ஒரு காரணம். அழகர் கோயிலுக்கும் சுற்றியுள்ள உழைக்கும் சாதியினருக்கும் உள்ள உறவைத் தொ.பரமசிவன் தம் 'அழகர் கோயில்' ஆய்வில் விரிவாக எழுதியிருக்கிறார். சாமி நகரும்போது சந்தையும் கூடவே நகர்கிறது. சர்க்கரைச் சொம்பு, விசிறி, பொரிகடலை, பலூன், மண்பொம்மை என்று அந்த இரவுகளில் ஆற்றங்கரையெல்லாம் அல்லங்காடிதான்.

மூன்று ஆண்டுகள், மூன்று பெயர்கள்

வீதியில் நடப்பதற்கே நாம் சட்டம் கேட்க வேண்டியிருந்தது. மாணவர்கள் மூன்று ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது 1924. சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம், பொதுமக்கள் கூடும் இடம், பொது வியாபாரம் நடக்கும் இடம் ஆகியவற்றை எந்த வகுப்பினரும் பயன்படுத்தத் தடையில்லை என்பது அதன் சாரம். அரசு அதை ஏற்று ஆணையாக வெளியிட்டது. சந்தைக்குள் கால்வைக்க நமக்குக் கிடைத்த முதல் சீட்டு அதுதான்.

இரண்டாவது 1938. பொது இடங்களில் பாகுபாடு காட்டுவதைக் குற்றமாக்கும் சட்டம் எம்.சி.ராஜாவின் முயற்சியால் நிறைவேறியது. அதே ஆண்டில் ஆலய நுழைவுக்காகவும் அவர் ஒரு மசோதா கொண்டுவந்தார். ராஜாஜி அரசு அதற்கு ஆதரவு தரவில்லை.

மூன்றாவது 1939. அந்த ஆண்டு ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் அ.வைத்தியநாத ஐயரோடு மேலூர் தும்பைப்பட்டியைச் சேர்ந்த பி.கக்கன் உள்ளிட்ட தாழ்த்தப்பட்ட சமூகத்தினர் நுழைந்தார்கள். நாடார் சமூகத்தைச் சேர்ந்த விருதுநகர் சண்முக நாடாரும் உடன் சென்றார். கோயிலின் நிர்வாக அதிகாரியாக இருந்த ஆர்.எஸ்.நாயுடு அவர்களை வரவேற்றார். எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. பட்டர்கள் சிலர் பூசை செய்ய மறுத்தார்கள். நுழைவுக்குத் துணைநின்றவர்களைப் பாதுகாக்க அரசு அதே ஆண்டில் சட்டம் இயற்றியது. மாகாணம் முழுவதற்குமான ஆலய நுழைவுச் சட்டம் 1947இல் வந்தது. 1934இல் மதுரைக்கு வந்தபோது இந்தக் கோயிலுக்குள் போக மறுத்த காந்தி, 1946இல் வந்தபோதுதான் உள்ளே சென்றார்.

1939 நிகழ்வைச் சொல்லும்போது வைத்தியநாத ஐயரின் பெயரைச் சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அன்று ஊருக்குத் திரும்பி, மறுநாளும் அதே தெருவில் நடக்க வேண்டியிருந்தவர்கள் கக்கனும் அவரோடு வந்தவர்களும்தான். ஆபத்து அவர்கள் தலையில் இருந்தது. அதற்கு முன்பே சட்டமன்றத்தில் வழி வெட்டியவர்கள் சீனிவாசனும் ராஜாவும். இந்தப் பெயர்களையும் சேர்த்துச் சொல்ல நாம் பழக வேண்டும்.

கூட்டம் கொடுத்த நிழல்

கிராமத்தில் பகல் சந்தைக்குப் போனால் முகம் பார்த்ததும் தெருவைத் தெரிந்துகொள்வார்கள். டீக்கடையில் தனிக்குவளை, சிரட்டை, வெளியே நின்று குடிப்பது என்று எத்தனை அவமானங்களை நம் பெரியவர்கள் விழுங்கியிருக்கிறார்கள். அதனால்தான் மதுரையின் இரவுக் கடைவீதி நம் மக்களுக்கு வேறொரு ருசியைக் கொடுத்தது. அங்கே கூட்டம் பெரியது. பக்கத்தில் நின்று பருத்திப்பால் குடிப்பவர் யார் என்று யாரும் கேட்க முடியாது. இட்லிக் கடை முன் எல்லோருக்கும் ஒரே இலை, ஒரே சட்னி.

இன்னொரு காரணம் கூலி. பகல் முழுவதும் வேலை செய்து, சாயங்காலம் கூலி வாங்கிய பிறகுதான் நம் குடும்பங்கள் கடைக்குப் போக முடியும். தீபாவளிக்கு முந்தைய இரவு விளக்குத்தூண் பக்கமும் தெற்கு மாசி வீதியிலும் நள்ளிரவு தாண்டியும் நெரிசல் குறையாது. நேரம் ஆக ஆக நடைபாதைக் கடைகளில் விலை இறங்கும் என்பதற்காகவே காத்திருந்து துணி எடுக்கும் தாய்மார்கள் எத்தனையோ பேர். பிள்ளைக்குப் புதுச்சட்டை கிடைத்தது அந்த இரவினால்தான்.

நகரம் சாதியை விட்டுவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. வாடகைக்கு வீடு கேட்டாலும், நிரந்தரக் கடைக்கு இடம் கேட்டாலும், 'எந்த ஊர், எந்தத் தெரு?' என்ற பழைய கேள்வி திரும்பி வரும். வாங்க வருகிறவரைக் கூட்டம் மறைத்தது. விற்க உட்கார வேண்டியவருக்கு அந்த மறைப்பு போதவில்லை.

நுழைந்தாயிற்று, இடம் எங்கே?

கோயிலுக்குள்ளும் கோயில் வீதிகளிலும் இன்று நாம் போகிறோம், வருகிறோம். கடை யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தால்தான் கதை புரியும். மாடிக் கடைகளும் மண்டபக் கடைகளும் முன்பணம், ஏலம், தலைமுறை உரிமை, உள்வாடகை என்ற வேலிகளுக்குள் இருக்கின்றன. நமக்குக் கிடைப்பது நடைபாதையின் ஓரம், அதுவும் போலீஸ் விசில் கேட்கும் வரை. முதலும் சொந்தமில்லை. காலையில் 900 ரூபாய் வாங்கி இரவு 1,000 ரூபாயாகக் கட்டும் நாள்வட்டிதான் பலருக்கு வங்கி.

வீட்டில் உட்கார்ந்து முழத்துக்கு இவ்வளவு என்று பூக்கட்டும் பெண்களைக் கேளுங்கள். 2013இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூவுக்குப் பெயர் கிடைத்தது. கட்டும் விரலுக்கு என்ன கிடைத்தது என்பதை அவர்கள் சொல்வார்கள்.

கோயில் வட்டாரமும் மாறிவிட்டது. 2018 பிப்ரவரி 2 அன்று வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு கோயிலுக்குள் இருந்த கடைகள் அகற்றப்பட்டன. புதுமண்டபக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின. கோயிலருகே இருந்த பழைய சென்ட்ரல் மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போனது. அந்த இடத்தில் இப்போது பல அடுக்கு வாகன நிறுத்துமிடம் நிற்கிறது. பழமையான மண்டபத்தைக் காக்க வேண்டும், தீ விபத்தைத் தடுக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஒவ்வொரு மாற்றத்திலும் ரசீது வைத்திருப்பவருக்கு மாற்றுக்கடை கிடைக்கிறது. சாக்கு விரித்தவருக்குச் சாக்கைச் சுருட்டும் வேலைதான் மிஞ்சுகிறது. காருக்கு அடுக்கடுக்காக இடம் உண்டு என்றால் கூடைக்கு நான்கு அடி இல்லையா?

கையில் இருக்கும் சட்டம்

இடத்துக்கும் சட்டம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டத்தைப் பற்றி நம் மக்களுக்குப் போதுமான அளவு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அதிலிருந்து சிலவற்றை இங்கே தருகிறோம். வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது தெரு வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் கொடுக்கும் வரை இருப்பவர்களை அப்புறப்படுத்தக் கூடாது.

சான்றிதழ் வழங்கும்போது பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு முன்னுரிமை தர வேண்டும். 2023இல் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்ட நரிக்குறவர்களுக்கும் இது பொருந்தும்.

நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத உறுப்பினர்கள் தெரு வியாபாரிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய இடம் வேண்டும்.

இடம் மாற்றவோ அகற்றவோ 30 நாள் முன்னறிவிப்பு தேவை. சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். உரிய கட்டணத்தோடு திரும்பக் கேட்டால், அழுகும் பொருளை அதே நாளிலும் மற்றவற்றை இரண்டு வேலை நாளிலும் தர வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியமான ஒரு வரி அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. 50 ஆண்டுகளுக்கு மேல் தெரு வியாபாரம் நடந்துவரும் இயல்பான சந்தைகளை மரபுச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும், அங்கே விற்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்பதே அது. மதுரைக் கோயில் வீதியின் இரவுக் கடைவீதியை விட மூத்த சந்தையை இந்த நாட்டில் எங்கே போய்த் தேடுவது?

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மற்றவர்களைப் போலத் தொழிலோ வியாபாரமோ செய்வதைத் தடுப்பது, 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். 'இவர்கள் பூ விற்றால் யார் வாங்குவார்கள்' என்று சொல்லி ஒருவரை விரட்டினால் அதை வாய்த் தகராறு என்று விட்டுவிட வேண்டியதில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேலை

50 ஆண்டு என்று சட்டம் சொன்னால் அதற்குச் சான்று கேட்பார்கள். மன்னருக்குக் கல்வெட்டு இருக்கிறது. நம் பாட்டிகளுக்கு என்ன இருக்கிறது? தரைவாடகை கட்டிய பழைய துண்டுச்சீட்டு இருக்கும். திருவிழாக் கூட்டத்தில் எடுத்த கருப்பு வெள்ளைப் புகைப்படத்தின் மூலையில் ஒரு பூக்கூடை இருக்கும். எந்த ஆண்டு எந்தத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம் என்ற ஞாபகம் இருக்கும்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளை நாம் கேட்டுக்கொள்வது இதுதான். விடுமுறையில் உங்கள் தெருவில் மதுரைக்குப் போய் விற்றவர்கள் யார் யார் என்று விசாரியுங்கள். எந்த வயதில் தொடங்கினார்கள், என்ன விற்றார்கள், எப்படிப் போனார்கள், கோயில் வீதியில் எங்கே உட்கார்ந்தார்கள், யார் எழுப்பிவிட்டார்கள், இரவு எங்கே படுத்தார்கள் என்று கேட்டு அவர்கள் பேச்சிலேயே எழுதி வையுங்கள். சீட்டும் புகைப்படமும் இருந்தால் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழ் படிப்பவர்கள் மதுரைக்காஞ்சியின் அங்காடிப் பகுதியை இந்தக் குறிப்புகளோடு சேர்த்து வைத்துப் படியுங்கள். உரையாசிரியர் சொல்லாத பொருள் சிலவற்றைப் பாட்டியே சொல்லிவிடுவார்.

வியாபாரம் செய்யும் நம் மக்கள் சங்கமாகச் சேர்ந்து, நகர விற்பனைக் குழுவின் கூட்டம் எப்போது, அதில் நம் பிரதிநிதி யார், கணக்கெடுப்பில் யார் யார் பெயர் இருக்கிறது என்று எழுத்துமூலம் மாநகராட்சியைக் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மாணவர்கள் சேகரித்த சான்றுகளை அந்த மனுவோடு இணைத்துக் கொடுத்தால் மரபுச் சந்தைக் கோரிக்கைக்கு வலு கூடும்.

நீங்கள் எழுதியவற்றில் ஒரு பிரதியை இந்தப் பகுதிக்கும் அனுப்பி வையுங்கள். அடுத்த சித்திரைத் திருவிழாவுக்குள் நூறு பேரின் கதையாவது சேர்ந்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு அடி இடம் கேட்க நாம் எல்லோரும் சேர்ந்தே போகலாம்.